சம்பந்தப்பட்ட தலை

நகரிய மகளிர் மாண்பு மன்றத்துக்கு வெள்ளி விழா வந்த வருடம், அதன் கண்ணில் எழில்மதியின் தலைமயிர் பட்டது. அதற்கு முன் பல வருடங்களாக அந்தத் தலை அதே மயிரோடுதான் காடாம்புலியூரிலிருந்து பஸ் ஏறி மன்றத்தின் மழலையர் பள்ளிக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. கான்ட்ராக்ட் டீச்சரின் முகத்துக்கு மேலே பார்க்கிற வழக்கம் மன்றத்தில் கிடையாது. முகத்தைப் பார்ப்பதே அபூர்வம்.

மன்றம் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மைன்ஸ் என்கிற நிலக்கரிச் சுரங்கத்திலும் தெர்மல் என்கிற அனல்மின் நிலையத்திலும் பெரிய பதவியில் இருக்கிறவர்களின் மனைவிமார் சேர்ந்து நடத்துகிற அமைப்பு அது. கணவனுக்கு என்ன பதவியோ அந்த வரிசையில் மனைவிக்கு நாற்காலி. கணவனுக்கு பிரமோஷன் வந்தால் மனைவி ஒரு நாற்காலி முன்னால் நகர்வார். கணவன் ரிட்டயர் ஆனால் மனைவியின் கருத்துகளும் அன்றைக்கே ரிட்டயர் ஆகிவிடும். மன்றம் ஏழைப் பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுக்கும். கொடுப்பதைப் போட்டோ எடுக்கும். போட்டோ சரியாக விழவில்லை என்றால் மிஷினைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை கொடுக்கும். எதைச் செய்தாலும் மென்மையாகச் செய்வது என்பது மன்றத்தின் கொள்கை. அலுவலக அறைச் சுவரில் பெரிய எழுத்தில் அதை எழுதி, கீழே நாய்கள் ஜாக்கிரதை என்றும் எழுதியிருந்தார்கள்.

வெள்ளி விழாவையொட்டிப் பள்ளியில் ஒரு டீச்சரை பெர்மனென்ட் ஆக்குவது என்று முடிவானது. இருப்பது ஒரே இடம். அதிக நாள் வேலை பார்த்தவள் என்ற முறையில் அது எழில்மதிக்கு வர வேண்டியது. அப்பா இல்லாத வீடு. அம்மா மாணிக்கம்மாள் முந்திரி உடைக்கிற கூலி. கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்து, தோல் உரிந்து, சோற்றைப் பிசைந்தால் எரிகிற கைகள் அவளுக்கு. அந்தக் கைகளை இனி முந்திரிக்கொட்டைப் பக்கமே விடக் கூடாது என்பதுதான் எழில்மதியின் ஒரே ஆசை. அதற்கு அவளுக்கு வேண்டியது பெர்மனென்ட் என்கிற ஒரு சொல். நகரியத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற மரியாதை சாமிக்குக் கூட இருக்கிறதா என்பது சந்தேகம். சாமியைக் கேள்வி கேட்கிறவர்கள் அங்கே உண்டு. பெர்மனென்ட்டைக் கேள்வி கேட்டவர் எவருமில்லை.

தலைவி பார்வதி சிங்காரவேலு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். கணவர் மைன்ஸில் மிகப் பெரிய ஆள் என்பதால் பார்வதி உட்கார்ந்த நாற்காலிக்கு முன்னால் வேறு நாற்காலி இருந்ததில்லை.

“உன் வேலையில ஒரு குறையும் இல்ல எழில். பிள்ளைங்க உன்கிட்ட நல்லா ஒட்டிக்குது. ஆனா இந்த முடி இருக்கே.”

“பொறந்ததுலேருந்தே சுருட்டைங்க மேடம்.”

“அதைத்தான் சொல்றேன். பொறந்ததுலேருந்து யாரும் கண்டிக்கல. கான்ட்ராக்ட்ல இருக்கிற வரைக்கும் பரவால்ல. பெர்மனென்ட் டீச்சர்னா பிள்ளைங்க பார்த்துக் கத்துக்கும். நம்ம விதியில படிந்த கூந்தல்னு இருக்கு.”

“எண்ணெய் வெச்சு இறுக்கிப் பின்னிக்கினுதாங்க மேடம் வரேன்.”

“நீ இறுக்கினாலும் அது எழுந்து நிக்குதேம்மா. பெரியவங்க உள்ள வர்றப்ப எழுந்து நிக்கலாம். எந்நேரமும் நின்னா அதுக்குப் பேரு ஒழுங்கீனம்.”

முடியை நேராக்கும் கிரீம் பண்ருட்டியில் ஃபேன்சி ஸ்டோரிலேயே கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள் எழில்மதி. பார்வதி பதறிப்போனார்.

“கண்டதையும் வாங்கிப் போட்டு, முடி கொட்டிப் போச்சுன்னா மன்றத்துக்குல்ல கெட்ட பேரு? மென்மையானதா, வீட்டுலயே போடறாப்புல, நாங்க தேர்ந்தெடுத்துத் தர்றோம். யாரையும் நாங்க கட்டாயப்படுத்த மாட்டோம். நீயே விருப்பப்பட்டுக் கேட்டதா எழுதிக்கிறோம்.”

அப்படித்தான் மென்மையான ரிலாக்ஸர் தேர்வு உபகுழு பிறந்தது. முடியின் சுருட்டை எடுக்கிற கிரீமுக்கு ரிலாக்ஸர் என்று பெயர் என்பதைக் கண்டுபிடிக்கவே முதல் கூட்டம் செலவானது. இரண்டாவது கூட்டத்தில் எழில்மதியையும் வரச் சொன்னார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நாற்காலி இல்லை என்பதால் அவள் ஜன்னலோரம் நின்றாள். பேசுகிற உரிமையும் இல்லை என்பதால் அவள் பெயரும் தேவைப்படவில்லை. கூட்டம் முழுக்க அவளைச் சம்பந்தப்பட்ட தலை என்றே குறிப்பிட்டார்கள். “சம்பந்தப்பட்ட தலை கொஞ்சம் திரும்பட்டும்” என்பார் ஒருவர். எழில்மதி திரும்புவாள்.

செயலாளர் கிருஷ்ணப்ரியா வெங்கடேஷ் தெர்மல் பக்கத்தில் முதல் நாற்காலிக்காரர். அவர் எழுந்து பேசினார்.

“நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கல்யாணத்துக்கு அப்புறம் கெமிஸ்ட்ரியை விட்டுட்டேன். அதுல ஒண்ணும் ஞாபகம் இல்ல. அதனாலதான் இந்த விஷயத்துல என்னால பாரபட்சமில்லாம பேச முடியுது. நான் சென்னையில என் சிநேகிதி பார்லர்லேருந்து ஒரு கிரீம் வரவழைச்சிருக்கேன். அமோனியா வாசனை வரும். வாசனை வந்தாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

பார்வதி சிரித்தார். அவருடைய தம்பி மஸ்கட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பெட்டி மேஜை மேல் இருந்தது. இரண்டு டப்பாவைக் கலந்து போடுகிற வகை. காஸ்டிக் சோடா இல்லாதது, சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கும், வாசனையே வராது. வாசனை வராததுதான் மென்மை என்று அவர் சொன்னதும் மைன்ஸ் மனைவிமார் கைதட்டினார்கள். தெர்மல் மனைவிமார் கொட்டாவி விட்டார்கள்.

இரண்டு பெட்டியிலும் ஒரே எச்சரிக்கை இருந்தது. வேறு வகைக் கெமிக்கல் போட்ட முடியில் இதைப் போடக் கூடாது. போட்டால் முடி அறுந்துவிடும். முதலில் ஒரு சிறு கொத்து முடியில் சோதித்துப் பார்க்கவும். உபகுழு இதில் முதல் இரண்டு வரிகளை விட்டுவிட்டுக் கடைசி வரியை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது.

எழில்மதி துணிந்து வாயைத் திறந்தாள். “எம் முடியில ஒரு கொத்து வெட்டிப் பார்க்கலாங்களா மேடம்?”

“அது தப்பும்மா” என்றார் கிருஷ்ணப்ரியா. “சம்பந்தப்பட்டவங்களையே சோதனையில சேர்த்தா முடிவு நடுநிலையா இருக்காது.”

ஆகவே பள்ளியின் மாறுவேடப் போட்டிப் பெட்டியிலிருந்து பாரதமாதா விக்கை எடுத்து வந்தார்கள். நைலான் விக். ஒரு பக்கம் மஸ்கட், மறுபக்கம் சென்னை. கழுவி, வெயிலில் உலர்த்தி, மறுநாள் ஆராய்ந்தார்கள். விக் முன்பும் நேராக இருந்தது, இப்போதும் நேராக இருந்தது. முடி உதிரவில்லை. விக்கிடம் எரிச்சல், கண்ணீர், முனகல் எதுவும் காணப்படவில்லை. இரண்டுமே மென்மையானவை என்று உபகுழு ஒருமனதாகச் சான்றளித்தது. பாரதமாதாவை மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

இரண்டுமே மென்மை என்றால் எதைப் போடுவது என்பதில்தான் சிக்கல். மஸ்கட்டைப் போட்டால் தெர்மல் விழாவுக்கு வராது. சென்னையைப் போட்டால் மைன்ஸ் விழாவுக்கு இடமே தராது. கூட்டம் மதியச் சாப்பாட்டைத் தாண்டி நீண்டது. பசி வந்தால் மன்றத்தில் ஞானமும் வந்துவிடும். தலையை வகிடு எடுத்துப் பிரிப்பது, வலது பாதி மைன்ஸ், இடது பாதி தெர்மல் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தில் கையெழுத்துப் போடும்போது தெர்மல் பக்கத்தில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. வலது பாதி நன்றாக வந்து இடது பாதி வராமல் போனால் தெர்மலுக்கு அவமானம் இல்லையா? உடனே திருத்தினார்கள். முதலில் ஆளுக்கொரு பாதி. பிறகு பாதிகளை மாற்றிக்கொள்வது. இரண்டு பாதியிலும் இரண்டு கிரீமும் பட்டிருக்கும், ஒரு பாதிக்கும் ஓரவஞ்சனை இருக்காது.

பெட்டியில் எழுதியிருந்ததை எழில்மதி நினைவுபடுத்தினாள். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று போடக் கூடாது என்றிருக்கிறதே என்றாள்.

“அது தனியாப் போட்டுக்கிறவங்களுக்கு எழுதினது” என்றார் பார்வதி. “நாங்க இத்தனை பேர் கூட இருக்கோம். உனக்கு என்ன பயம்?”

கடைசியாக, வீட்டிலேயே என்பதில் எந்த வீடு என்ற கேள்வி எழுந்தது. காடாம்புலியூரில் இருப்பது நகரிய எல்லைக்குள் வராது. எல்லைக்குள் வராததை வீடு என்று மன்றம் எப்படி ஏற்கும்? குவார்ட்டர்ஸ்தான் வீடு. தலைவியின் பங்களா பெரிய குவார்ட்டர்ஸ். ஆனால் கான்ட்ராக்ட் ஆளை ஹாலுக்குள் விடுவது வழக்கமில்லை. கார் ஷெட்டில் போடுவது என்றானது. சிங்காரவேலுவின் காரை வெளியே நகர்த்தி மரத்தடியில் விட்டார்கள். காருக்கு வெயில் படக் கூடாதென்று துணி போட்டு மூடினார்கள்.

சனிக்கிழமை காலை எழில்மதி சிமென்ட் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். கடவுள் வாழ்த்து பாடினார்கள். வலப்பக்கம் பார்வதியும் இடப்பக்கம் கிருஷ்ணப்ரியாவும் கையுறை மாட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் தடவ ஆரம்பித்தார்கள். ஒருவர் முந்திவிடக் கூடாது என்பதற்காக மூன்றாவது ஒருவர் விசில் ஊதினார். மண்டைத்தோலில் வாசலின் தடவிவிட்டுத்தான் போட வேண்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது. வாசலின் எந்தப் பக்கத்தின் செலவு என்று முடிவாகாததால் அதைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

கால் மணி நேரத்தில் கழுவ வேண்டியது. பார்வதியின் வரவேற்புரையே அதற்கு மேல் போனது.

“இன்னைக்கு ஒரு ஏழைப் பெண்ணோட தலையில நாம கை வைக்கிறோம். கை வைக்கிறதுன்னா சும்மா இல்ல. நமக்கும் சிரமம்தான். கையுறை எல்லாம் போட்டுக்க வேண்டியிருக்கு. ஆனா சேவைன்னு வந்துட்டா நாம சிரமம் பார்க்கறதில்ல.”

எழில்மதிக்கு வகிட்டில் ஆரம்பித்த எரிச்சல் காது வரைக்கும் இறங்கியது. தலையில் தணலை அள்ளிக் கொட்டியது போலிருந்தது. பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

“மேடம், எரியுதுங்க.”

கிருஷ்ணப்ரியா குனிந்தார். “என் பக்கம் எரியுதா, அவங்க பக்கம் எரியுதா?”

கேள்வி கத்தி மாதிரி வந்து நின்றது. எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் பெர்மனென்ட்டுக்கு அந்தப் பக்கத்து ஓட்டு போய்விடும். அவளுக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது, குழாயடியில் தலையைக் கொடுத்துவிட்டு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அம்மாவின் கைகளை நினைத்துக்கொண்டாள்.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதாங்க மேடம்.”

இரண்டு பேருக்கும் திருப்தி. கை குலுக்கிக்கொண்டார்கள். பாதிகளை மாற்றிக்கொள்ள மறுபடி விசில் ஊதப்பட்டது. இந்தத் தடவை செயலாளர் ஆண்டறிக்கை படித்தார்.

செடிக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் பைப்பைக் கொண்டுவந்து கழுவியபோது முடி நேராகத்தான் இருந்தது. நேராகவே கையோடு வந்தது. சீப்பை வைத்த இடமெல்லாம் வந்தது. கொத்துக் கொத்தாகக் கார் ஷெட் தரையில் ஓடி, சாக்கடைக் கம்பியில் அடைத்துக்கொண்டது. சிவந்து, தோலுரிந்து, அங்கங்கே நீர்க் கொப்புளம் கட்டிய மண்டையில் காதோரம் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்வதி சாக்கடையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் தேங்கிக் கார் ஷெட் நாறப்போகிறது என்றார்.

அன்று மாலையே உபகுழு அறிக்கை தயாராகிவிட்டது. சம்பந்தப்பட்ட தலையில் சுருட்டை முற்றிலும் நீங்கியது என்றும், முழுச் செயல்பாடும் மென்மையாக நடந்தது என்றும், கார் ஷெட் சாக்கடையைச் சம்பந்தப்பட்டவரே சுத்தம் செய்து தந்தார் என்றும் அதில் இருந்தது.

வீட்டில் முந்தானையை விலக்கிப் பார்த்த மாணிக்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னாடி பண்ணிகினு வந்து நிக்கிற? முந்திரிப்பாலு பட்டாக்கூட இப்புடி வேவாதேடி. எவடி செஞ்சா?”

“மேடமுங்க போட்டாங்கம்மா. மென்மையானதுதான்னாங்க.”

“அவளுங்க தலையில போட்டுக்க வேண்டியதுதான அந்த மென்மைய? அந்த வேல வாணாம்டி. எங்கையி கறுத்தது கறுத்ததாவே இருந்துட்டுப் போவுது. உன்ன இந்தக் கோலத்துல பார்க்க என்னால ஆவாது.”

“வுடும்மா. இன்னும் கொஞ்ச நாளுதான். பெர்மனென்ட் ஆயிட்டா நீ வூட்டுல ஒக்காந்துக்கலாம்.”

மாணிக்கம்மாள் அந்தக் கறுத்த கையாலேயே தேங்காயெண்ணெய் தொட்டு மகளின் தலையில் வைத்தாள். இரண்டு பேருக்கும் எரிந்தது. மீதி இருந்த முடியை ஊர் பார்பர் வீட்டுக்கே வந்து மழித்துவிட்டுப் போனார். கத்தி பட்ட இடத்தில் கொப்புளங்கள் உடைந்தன.

திங்கட்கிழமை பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், “எந்தக் கோயில்ல முடி எறக்கின?” என்று கேட்டாள். எழில்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “கொளஞ்சியப்பரா? சக்தியுள்ள சாமியாச்சே” என்று அவளே முடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பள்ளி வாசலில் வாட்ச்மேனும் அதையே கேட்டான். பெண்பிள்ளை மொட்டை போட்டிருந்தால் அது நேர்த்திக்கடன் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மன்றத்துக்கும் அப்போதுதான் அது தெரிந்தது. அரை மணி நேரத்தில் பார்வதி அவளைக் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார்.

“பாரு எழில், ரிலாக்ஸர் அது இதுன்னு சொன்னா யாருக்கும் புரியாது. விழாவுல மேடையில கூப்பிடுவோம். கொளஞ்சியப்பருக்கு மொட்டை போட்டேன்னு சொல்லு. எதுக்குன்னு கேட்டா, பிள்ளைங்க நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்னு சொல்லு. அதே மேடையில உன்னை பெர்மனென்ட்னு அறிவிக்கிறோம்.”

“நெசமாங்க மேடம்?”

“மன்றம் பொய் சொல்லுமா?”

அவள் நம்பினாள். அவளை ஏமாளி என்று திட்டத் தோன்றுகிறது. ஆனால் தலையைக் கொடுத்தவளுக்கு நம்புவதைத் தவிர வேறு என்ன மிச்சம் இருந்தது?

விழாவுக்குத் தலைமை விருந்தினராக மன்றத்தின் கௌரவப் புரவலர் சிவப்பிரகாசம் வந்திருந்தார். ஓய்வுபெற்ற பெரிய மனிதர், பக்திமான், நெற்றி நிறைய விபூதி. பந்தலின் முன்வரிசையில் ஒரு பக்கம் மைன்ஸ், மறுபக்கம் தெர்மல். கடைசி வரிசையில் மாணிக்கம்மாள், கைகளை முந்தானைக்குள் மறைத்தபடி. எழில்மதி மேடையேறினாள். மொட்டைத் தலையைக் கண்டதும் சிவப்பிரகாசத்தின் முகம் மலர்ந்தது. மைக்கை அவள் பக்கம் நீட்டச் சொன்னார்.

“எந்தச் சாமிக்கும்மா?”

“கொளஞ்சியப்பருக்குங்க ஐயா.”

“என்ன வேண்டிக்கிட்ட?”

பிள்ளைகள் நல்லா இருக்கணும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திறந்தபோது ஒரு யோசனை வந்தது. இத்தனை பேர் முன்னால், மைக்கில், தன் வாயால் சொல்லிவிட்டால் நாளைக்கு யாரும் மாற்றிப் பேச முடியாது என்று நினைத்தாள். வாழ்க்கையில் அவள் செய்த ஒரே சாமர்த்தியம் அது.

“எனக்கு வேலை பெர்மனென்ட் ஆவணும்னுங்க ஐயா.”

பார்வதியின் சிரிப்பு ஒரு கணம் அப்படியே நின்றது. சிவப்பிரகாசம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு பந்தலைப் பார்த்துத் திரும்பினார்.

“தாய்மார்களே, இந்தப் பொண்ணுகிட்டேருந்து நாம கத்துக்கணும். நேர்த்திக்கடன்னா என்ன? கேட்டது கிடைச்ச பிறகு செலுத்துறது. கிடைக்காம யாரும் முடி கொடுக்கறதில்ல. இந்தப் பொண்ணு முடி கொடுத்திருக்கு. அப்படின்னா கேட்டது கிடைச்சிருக்கு. இல்லன்னா இது சாமிகிட்டயே பொய் சொல்லியிருக்குன்னு ஆகும். சாமிகிட்டப் பொய் சொல்றவங்க பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க முடியுமா?” அவர் அவள் பக்கம் அன்பாகக் குனிந்தார். “சொல்லும்மா. கிடைச்சிடுச்சா, இல்லையா?”

எழில்மதி பார்வதியைப் பார்த்தாள். பார்வதி பந்தல் அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணப்ரியா கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். இல்லை என்றால் இருக்கிற கான்ட்ராக்ட்டும் இந்த மேடையிலேயே முடிந்துவிடும். நடந்ததைச் சொன்னால் யாரும் மைக்கை அங்கே வைத்திருக்க மாட்டார்கள்.

“கிடைச்சிடுச்சுங்க ஐயா.”

பந்தல் கைதட்டலில் அதிர்ந்தது. “சாமியே கொடுத்ததை மன்றம் எதுக்கு இன்னொரு தடவை கொடுக்கணும்? அது சாமியை மட்டம் தட்டற மாதிரி” என்றார் சிவப்பிரகாசம். அந்த இடத்தை இன்னும் எந்த வேண்டுதலும் நிறைவேறாத வேறொருவருக்குத் தரலாம் என்று அவர் யோசனை சொல்ல, பார்வதி தன் தங்கை மகளின் பெயரை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். மைன்ஸும் தெர்மலும் முதல் தடவையாக ஒன்றாகக் கைதூக்கின. கடைசி வரிசையில் மாணிக்கம்மாளும் கைதட்டினாள். மகளுக்குத்தான் வேலையை அறிவிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சிவப்பிரகாசம் ஆசீர்வாதம் செய்ய, எழில்மதியின் தலையில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். உடைந்த கொப்புளங்கள் மேல் விபூதி இறங்கியது. அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“ஆனந்தக் கண்ணீர்” என்றார் கிருஷ்ணப்ரியா மைக்கில்.

போட்டோகிராஃபர் கேமராவைத் தாழ்த்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

“பொண்ணு கண்ண மூடிட்டாங்க சார். கையை எடுக்காதீங்க, நல்லா அழுத்தி வைங்க. இன்னொண்ணு எடுத்துடலாம்.”